ஒரு சாண் பார்வை

அட்டிலியோவின் கண்ணாடி, தேங்காய் ஏற்ற வந்த படகில், சர்க்கரை மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. பெட்டியைப் படகுத்துறையிலிருந்து தூக்கி வந்தவர் அவன் மாமனார் லியோனிதாஸ். ஆமை முட்டையைக் கொண்டுவருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "வந்திருச்சு, என் மருமகன் கண்ணு வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அட்டிலியோ சிப்பு. வெள்ளைத் தோலும் வைக்கோல் நிற முடியுமாகப் பிறக்கிறவர்களை எங்கள் குணா ஜனங்கள் அப்படித்தான் சொல்வோம். நிலாப் பிள்ளை என்றும் சொல்வதுண்டு. பனாமா கரையோரத்து எங்கள் தீவுகளில் அவர்கள் இல்லாத தீவு குறைவு. சந்திர கிரகணத்தன்று நாங்கள் எல்லாரும் கதவடைத்து உள்ளே கிடப்போம். நிலாவைத் தின்ன வரும் மிருகத்தை அம்பெய்து விரட்டச் சிப்புகள் மட்டும் வில்லோடு வெளியே போவார்கள். அந்த ராத்திரி அவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை பெரிய தலைவருக்கும் கிடைக்காது. விடிந்தால், வாழைத்தார் சுமக்க ஆகாதவன் என்று அதே வாய்கள் சொல்லும்.

எங்களில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெரியவர்களும் தூளியில்தான் படுக்கிறோம். மாப்பிள்ளையின் தூளி மாமனார் வீட்டு உத்தரத்தில் கட்டப்பட்ட நாளிலிருந்து அவன் உழைப்பு மாமனாருக்கு. விடியுமுன் தோணியில் எதிர்க்கரைக்குப் போய், மலையடித் தோட்டத்தில் களை வெட்டி, வாழைத்தாரும் விறகும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அட்டிலியோ அதற்குப் பதில் மோலா தைத்தான். பெண்கள் ரவிக்கையில் வைக்கும் அந்தத் துணிச் சித்திரத்தைத் தைக்கும் ஆண்கள் அநேகமாகச் சிப்புகள்தான். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை அது. மூன்று நிறத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் துணியைக் கோடாக வெட்டி, வெட்டிய விளிம்பை ஊசிமுனையால் உள்ளே மடித்துத் தைத்தால் கீழ்த்துணியின் நிறம் கோடாக எட்டிப்பார்க்கும். மடிப்பு நகக்கண் அகலத்துக்கு மேல் போகக்கூடாது. அட்டிலியோ துணியை மூக்கில் ஒட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு, தலையை இடதுபக்கம் சாய்த்து, மோவாயைத் தாழ்த்தித் தைப்பான். அவன் மோலாவை வாங்கச் சுற்றுலாப் படகுக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள்.

மோலா விற்ற காசில் அரிசி வரும், சோப்பு வரும். வாழைக்காய் வராது. எங்கள் தீவில் அதை யாரும் விற்பதில்லை. தோட்டம் இருக்கிறவன் கொண்டுவருவான், இல்லாத வீட்டுக்குக் கொஞ்ச நாள் கொடுப்பான். அப்புறம் கேட்க ஆரம்பிப்பான்.

"வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்களே?" என்று கேட்பான்.

லியோனிதாஸுக்கு வயது ஏறிவிட்டது. சமீபகாலமாக அவர் தோட்டத்துக்குப் போவது குறைந்துபோயிருந்தது. முதுகுவலி என்றார். பெண் கொடுத்ததே தப்பு என்று ரொஹேலியா, அவர் மனைவி, அடுப்படியில் பாத்திரத்தோடு பேசுவாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது நாணல் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் விளக்கு ஆடும்.

நகரத்திலிருந்து கண் மருத்துவர்கள் வந்தபோது அவர்கள் பேச்சை எங்கள் மொழியில் சொல்ல நான் நின்றேன். அட்டிலியோவின் கண்களை அவர்களில் ஓர் அம்மாள் வெகுநேரம் பார்த்தார். அந்தக் கண்கள் ஓயாமல் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். மற்ற சிப்புகளுக்கும் அப்படித்தான். ஆட்டம் குறைகிற ஒரு கோணம் அவனுக்கு உண்டு, அதற்காகத்தான் தலையைச் சாய்க்கிறான் என்று அவர் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. நாங்கள் அதைச் செருக்கு என்று நினைத்திருந்தோம்.

"கண்ணாடி போட்டா முன்னைக்கு இப்ப கொஞ்சம் தெளியும். பக்கத்துல இருக்கிறது நல்லாவே தெளியும். ஆனா மத்தவங்க மாதிரி ஆகாது. வெயில்ல அகலத் தொப்பி போடணும்" என்றார். நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அவர் எனக்கு விளக்கியதை நான் எங்கள் மோலாத் தையலை வைத்துப் புரிந்துகொண்டேன். கண்ணாடி ஊசி மாதிரி. உள்ளே படம் விழுகிற இடம் துணி மாதிரி. சிப்புகளுக்கு அந்தத் துணியின் நடுப்பகுதி நெருக்கமாக நெய்யப்படாமலே பிறந்துவிடுகிறது. ஊசியைக் கூராக்கலாம். சாக்குத் துணியில் எவ்வளவு நல்ல ஊசியாலும் நுண்ணிய தையல் நிற்காது.

லியோனிதாஸ் "தெளியும்" என்ற சொல்லோடு எழுந்துபோய்விட்டார். அந்த அம்மாள் அவரையும் உட்காரச் சொன்னார்.

"எனக்கென்ன? நான் மீன்கொத்தி. மருமகனைப் பாருங்க" என்று சிரித்தார்.

இப்போது கண்ணாடி வந்துவிட்டது. அதை என்ன செய்வது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நாங்கள் மரப்பட்டையை மருந்தாகக் கொடுக்குமுன் அதனிடம் பேசுவோம். எங்கே பிறந்தாய், யாரிடம் போகிறாய், என்ன செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொன்னால்தான் மருந்துக்கு வழி தெரியும். லியோனிதாஸ் முக்காலியில் உட்கார்ந்து, கொக்கோ விதையைத் தணலில் போட்டுப் புகைத்து, கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"கண்ணாடியே, நீ பெரிய ஊருல பொறந்தவ. நெருப்புல உருகி வந்தவ. கடல் தாண்டி வந்திருக்கே. இவன் நல்ல பையன். கை சுத்தம். கண்ணுதான் ஆடுது. நீ உள்ள போ, ஆடுறதைப் புடிச்சு நிறுத்து. எங்க வீட்டுக்கு ஒரு ஆம்பளையக் குடு."

"கண்ணாடி உள்ள போகாதுப்பா, மூக்கு மேலதான் நிக்கும்" என்றாள் பிரிசெய்தா. அவர் மகள், அட்டிலியோவின் மனைவி.

"நீ பேசாதே. மருந்து கோவிச்சுக்கும்."

பத்தியமும் வைத்தார். உப்பு கிடையாது, மிளகாய் கிடையாது, வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. தூங்கும்போதும் கண்ணாடியைக் கழற்றக்கூடாது. அட்டிலியோ தூளியில் கண்ணாடியோடு கிடந்தான். தேங்காய்ப் பாலில் வாழைக்காயும் மீனும் வெந்த குழம்பை அவனுக்கு மட்டும் உப்பில்லாமல் ஊற்றினார்கள்.

"எப்படி இருக்கு?" என்று ரொஹேலியா கேட்பாள்.

"கடல்ல போட்டுக் கழுவி எடுத்த மாதிரி இருக்கு அத்தை. உப்பை மட்டும் கடலே வச்சுக்கிச்சு."

"கண்ணைக் கேட்டேன்."

"ஓ, கண்ணா?"

உண்மையில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துணியை ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தாலும் மடிப்பு தெரிந்தது. கறுப்பு நூலும் கருநீல நூலும் தனித்தனியாகப் பிரிந்தன. பிரிசெய்தாவின் முன்கையில் சுற்றியிருந்த மணிகளை எண்ணிக் காட்டினான். எங்கள் பெண்கள் மூக்கின்மேல் தீட்டும் கறுப்புக்கோடு அவள் மூக்கில் தெரிகிறது என்றான். ஒரு தொந்தரவுதான். வழக்கம்போல் தலையைச் சாய்த்தால் பார்வை கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் போய்விட்டது. நேராக வைத்தால் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், ஆனால் கண் அதிகம் ஆடியது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் தேடிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்தா, நேராப் பாருடா" என்று லியோனிதாஸ் அவன் தலையைப் பிடித்து நிமிர்த்தினார். "வாசல் தொறந்து வச்சிருக்கு, நீ என்ன வேலி சந்து வழியா எட்டிப் பாக்குற?"

பத்தியம் முடிந்த அன்று சாயங்காலம் ஊர் கூடும் சபை வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, இனிமேல் தன் தோட்டத்து வேலைக்குத் தன் மருமகன் வருவான் என்று லியோனிதாஸ் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ரொஹேலியா தன் பங்குக்குச் சொன்னாள்.

"சபையில சொல்லியாச்சு. இதுக்கு மேலயும் ஆகலேன்னா, தூளியை அவுத்துக்கிட்டு அவன் அம்மா வீட்டுக்குப் போகட்டும். பிரிசெய்தாவுக்கு வயசிருக்கு."

தட்டிக்கு அந்தப் பக்கம் பிரிசெய்தா இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றிருப்பாள்.

மறுநாள் காலை மாமனாரும் மருமகனும் துறைக்குப் போனார்கள். எங்கள் துறைக்கும் கரைக்கும் நடுவே பவழத் திட்டு ஒன்று உண்டு. திட்டின் நுனியில் ஒரு கம்பு நட்டு, அதன் தலையில் வெள்ளைப் பிளாஸ்டிக் புட்டி கவிழ்த்திருக்கும். கம்பை இடக்கைப் பக்கம் விட்டுப் போனால் ஆழம்.

"அட்டிலியோ, கம்பு தெரியுதா?" என்று கேட்டார் லியோனிதாஸ்.

அவன் அந்தப் பக்கம் பார்த்தான். வெள்ளை நீர், வெள்ளை வானம்.

"தெரியுது மாமா."

"தலையில புட்டி இருக்குதா?"

"இருக்குது."

"நல்லது, நல்லது" என்று அவர் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். "நீ பின்னால துடுப்பைப் புடி. கண்ணு உள்ளவன்தான் திருப்பணும்."

இதற்கு முன்பும் அவன் கடலில் போயிருக்கிறான், மற்றவர்களோடு, மேகம் மூடிய நாட்களில். அப்போதெல்லாம் அவனுக்கு வழிகாட்டியது காது. திட்டின்மேல் அலை உடையும் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று வைத்துக்கொண்டு திருப்புவான். அதை நம்பித்தான் "தெரியுது" என்று சொன்னான். போகும்போது காற்று இருந்தது, அலை பேசியது, தோணி தப்பியது. தோட்டத்தில் இருவரும் வெட்டினார்கள். வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும் என்று அவன் சொன்னான். "இன்னும் ரெண்டு தார்" என்றார் அவர். சபையில் சொன்ன வார்த்தை அவரை விடவில்லை.

திரும்பும்போது உச்சி வெயில். காற்று செத்துவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அலை உடையவில்லை, சத்தமே இல்லை. வெளிச்சம் நீரில் அடித்துக் கண்ணாடியில் அடித்தது. சிப்புகளின் கருவிழியில் வெளிச்சத்தைத் தடுக்கிற கறுப்பு கிடையாது. நமக்குச் சன்னலில் திரை இருப்பதுபோல் அவர்களுக்கு இல்லை. வியர்வையும் உப்பும் கண்ணாடியில் பூத்திருந்தன.

"கம்பு தாண்டியாச்சா?" என்று முன்னாலிருந்து லியோனிதாஸ் கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா."

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். "தாண்டியாச்சா?"

தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தான் அட்டிலியோ. முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியாததா? தப்பாகப் போனால் சொல்லிவிடுவார்.

"இப்பத் தாண்டுது."

"அப்ப வலப்பக்கம் திருப்பு."

திருப்பினான். பவழம் தோணியின் அடியைக் கிழித்தது.

மீன்பிடிக்கப் போன லியோனிதாஸின் தம்பி தெல்ஃபீனோ இருவரையும் திட்டின் மேலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். வாழைத்தார்கள் மிதந்து போய்விட்டன. அந்த ஒற்றைமரத் தோணியைக் குடைய லியோனிதாஸ் மழைக்காலம் முழுக்கச் செலவழித்திருந்தார். அது பிளந்து கிடந்தது. அவர் கெண்டைக்காலைப் பவழம் சீவியிருந்தது. பவழக் காயம் லேசில் ஆறாது, உள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். அட்டிலியோவின் கழுத்தும் கைகளும் வெந்த இறால்போல் சிவந்திருந்தன. கண்ணாடி மட்டும் காதில் கயிறு கட்டியிருந்ததால் பிழைத்தது.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் நடந்ததைக் கேட்காமல் இருக்க எனக்கு வழியில்லை. காயத்துக்குக் கட்டுப் போட என்னையே கூப்பிட்டிருந்தார்கள்.

ரொஹேலியா போய் அட்டிலியோவின் தூளியில் ஒரு முனையை அவிழ்த்துவிட்டாள். தூளி தரையில் தொய்ந்து விழுந்தது.

"கெளம்புப்பா. நீ கெட்டவன் இல்ல. எங்களுக்குத் தாங்காது."

"அம்மா, இரு" என்றாள் பிரிசெய்தா. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்புக்கு அருகே போய் நின்றாள். "அட்டிலியோ, உண்மையைச் சொல்லு. இங்க நிக்கிறேன். என் முகம் தெரியுதா?"

அவன் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டான்.

"கேக்குறேன்ல?"

"உருவம் தெரியுது. ரவிக்கைச் சிவப்பு தெரியுது. முகம் தெரியல."

அவள் ஓர் எட்டு முன்னால் வைத்தாள். "இப்ப?"

"இல்ல."

இன்னும் நெருங்கினாள். "இப்ப?"

"இன்னும் வா." கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வந்தபோது, "இப்ப. இப்பத் தெரியுது. மூக்குல கறுப்புக்கோடு பாதி அழிஞ்சிருக்கு" என்றான்.

"கண்ணாடியக் கழட்டு."

கழற்றினான். அவள் அங்கேயே நின்றாள்.

"இப்ப?"

"போயிருச்சு."

அவள் மெல்ல மெல்ல முகத்தை நீட்டினாள். "தெரியுது" என்று அவன் சொன்ன இடத்தில் நிறுத்தி, தன் கையை விரித்து, முன்பு நின்ற இடத்துக்கும் இப்போது வந்த இடத்துக்கும் நடுவில் காற்றில் வைத்துப் பார்த்தாள். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை சரியாக இருந்தது.

"ஒரு சாண்" என்றாள். "இவ்வளவுதான் கண்ணாடி. அப்பா, கேட்டீங்களா? ஒரு சாணுதான்."

"அப்புறம் ஏன்டா கம்பு தெரியுதுன்னே?" தூளியில் கிடந்த லியோனிதாஸ் கத்தினார். "புட்டி வேற தெரியுதுன்னே! என் தோணியப் பொளந்துட்டியேடா!"

"தெரியலன்னா போகச் சொல்லுவீங்க மாமா. போக எனக்கு மனசு இல்ல." அவன் குரல் உடைந்தது. "நீங்க ஏன் மாமா சொல்லல? முன்னால நீங்கதானே உக்காந்திருந்தீங்க? நான் தாண்டியாச்சுன்னு சொன்னப்போ நீங்க பாத்திருப்பீங்கல்ல?"

லியோனிதாஸ் முகத்தைத் தட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவரையே பார்த்துக்கொண்டிருந்த பிரிசெய்தா மறுபடி அடுப்புக்கு அருகே போய் நின்றாள். நெருப்பு வெளிச்சம் அவள்மேல் விழுந்தது.

"அப்பா, நான் இப்ப என்ன பண்றேன்?"

"என்னடி விளையாட்டு?"

"சொல்லுங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கழுத்தை நீட்டினார். கடைசியில் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீ அழுறே."

"இல்லப்பா. நாக்கை நீட்டிக்கிட்டிருந்தேன்."

சின்ன வயதில் அவரைச் சிரிக்க வைக்க அவள் செய்கிற சேட்டை அது. யாரும் சிரிக்கவில்லை. காயத்தைக் கட்டிக்கொண்டிருந்த நான் விளக்கை எடுத்து அவர் கண்ணருகே பிடித்தேன். இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத்து வெள்ளையிலிருந்து சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறியிருந்தது. வெயில் நீரில் பட்டுத் தெறித்து வருடக்கணக்காகக் கண்ணைச் சுட்டால் அப்படி வளரும். எங்கள் தீவில் அது நிறைய பேருக்கு உண்டு. அவருக்கு அதற்குப் பின்னால் கண்மணியும் பால்போல் மங்கியிருந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் ரொஹேலியா.

"போன வருசம் களை வெட்டும்போது, களைன்னு நெனைச்சு வாழைக்கன்னையே வெட்டிட்டேன்."

"முதுகுவலின்னீங்களே?"

"வேற என்னடி சொல்லச் சொல்றே? வீட்டுல ஒரு கண்ணாவது இருக்கணும்னுதான் இவனுக்குக் கண்ணாடி வரவழைச்சேன். நெசமாவே நம்பினேன். இவன் பாத்துக்குவான்னுதான் முன்னால உக்காந்தேன்."

ரொஹேலியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு அந்த நேரத்தில் ஒரு வாழைக்காயும் இல்லை. தோணி இல்லை. ஒருவருக்குக் கால் இல்லை, ஒருவருக்குத் தோல் இல்லை, இருவருக்கும் கண் இல்லை. அவிழ்ந்த தூளியை அவள் வெறித்துப் பார்த்தாள். கட்டவும் இல்லை, மறுமுனையை அவிழ்க்கவும் இல்லை.

விடியும் முன் பிரிசெய்தா தெல்ஃபீனோவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அட்டிலியோ துடுப்போடு பின்னால் நின்றான்.

"சித்தப்பா, தோணி வேணும்."

"எதுக்கு?"

"தோட்டத்துக்கு."

"யாரு போறது?"

"நான் முன்னால உக்காந்து வழி சொல்றேன். அவரு பின்னால துடுப்புப் போடட்டும்."

"ஒரு தோணி பொளந்தது போதாதாடி? கண்ணாடி போட்டவன் ஓட்டியே அந்தக் கதி."

"கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டோம் சித்தப்பா. அது ஊசிக்கு."

தெல்ஃபீனோ மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். அட்டிலியோவின் கழுத்தில் முந்தின நாள் கொப்புளங்கள் நீர் கோத்திருந்தன. சிப்புகளில் வெயிலில் வேலை செய்தவர்களைத் தெல்ஃபீனோ பார்த்திருக்கிறார். முப்பது வயதில் காதோரம் புண் வரும், அது ஆறாது. அவருடைய சிநேகிதன் ஒருவன் அப்படித்தான் போனான். உள்ளே போய்த் தன் அகலத் தொப்பியைக் கொண்டுவந்து அட்டிலியோவின் தலையில் கவிழ்த்துவிட்டு, தோணியை நீரில் தள்ளினார்.

துறையில் நின்றவர்களுக்கு வெகுதூரம்வரை அவள் குரல் கேட்டது. "வலது... இன்னும் வலது... போதும், நேராப் போ."

வெயில் ஏறுமுன் வர முடியவில்லை. இரண்டு பேரும் பழகாதவர்கள், தோட்டம் காடாகிக் கிடந்தது. அவர்கள் வந்தபோது சூரியன் நன்றாகவே ஏறியிருந்தது. இரண்டு வாழைத்தார் இருந்தன. அட்டிலியோவின் கொப்புளங்கள் உடைந்து சட்டையோடு ஒட்டியிருந்தன. ரொஹேலியா கற்றாழை மடலைப் பிளந்து மகள் கையில் கொடுத்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தூளியின் முனையை உத்தரத்தில் மறுபடி கட்டினாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

லியோனிதாஸ் தன் தூளியிலிருந்து கை நீட்டி, வாழைத்தாரைச் சீப்புச் சீப்பாகத் தடவினார். அடியிலிருந்து நுனிவரை தடவி முடித்தார்.

"நல்ல தாரு" என்றார். பிறகு, "மருமகனே" என்று கூப்பிட்டார்.

"சொல்லுங்க மாமா."

"அடுப்புக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு விறகும் கொண்டாரணும்."

கணவன் கழுத்தில் கற்றாழை தடவிக்கொண்டிருந்த பிரிசெய்தாவின் கை அப்படியே நின்றது.

"சரி மாமா" என்றான் அட்டிலியோ.